மூடியைத் தூக்கினால் நிற்க வேண்டும்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வந்து சேர்ந்துவிட்டேன், வேலையிலும் சேர்ந்துவிட்டேன், உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை. அங்கே நீயும் உன் முதுகுவலியும் நம் தங்கை சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள்?

வேலை ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடத்தில், பாத்திரம் கழுவும் அறையில். நான்கு பேர் தங்கும் விடுதி அறையில் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். போனில் பேசினால் மற்ற மூன்று பேருக்கும் காது முளைத்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். அதோடு, நீ போனில் சொல்லும் மெஷின் விவகாரமெல்லாம் எனக்கு இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போய்விடும். காகிதத்தில் படம் போட்டு எழுதினால் மண்டையில் ஏறும்.

ஆமாம், மெஷின் விவகாரம்தான். நீ பத்து ஊர் சமையலறைக்குப் போய் பழுது பார்க்கிறாயே, அதே மாதிரி பாத்திரம் கழுவும் மெஷின் இங்கேயும் இருக்கிறது. ட்ரேயை உள்ளே தள்ளி, பெரிய இரும்பு மூடியை இறக்கி, பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். பாதிக் கழுவலில் தானாக நின்றுவிடுகிறது. திரையில் ஒரு எண் கண் சிமிட்டுகிறது. மூடியில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி ஓடுகிறது. சில நாள் ஒழுங்காக இருக்கிறது, சில நாள் மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகன் மாதிரி முறுக்கிக்கொள்கிறது. ஏன் இப்படி?

சின்னவளிடம் வேலை கிடைத்தது என்று மட்டும் சொல். கழுவும் அறை என்று சொல்லாதே.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்தான். முதுகுவலி என்னை விடுவதாக இல்லை, நானும் அதை விடுவதாக இல்லை. சின்னவளுக்குக் கழுத்துத் தோல் ஓரளவு ஆறிவிட்டது. வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. இடது கையால் எழுதிப் பழகுகிறாள். உன் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னாள். மறைக்க முடியவில்லை. "கழுவற அறையா?" என்று மட்டும் கேட்டாள்.

மெஷினுக்கு வருகிறேன். மூடியில் ஒரு காந்தம் இருக்கும். மெஷினின் இரும்புச் சட்டத்தில் விரல் அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும். மூடி இறங்கியதும் காந்தம் சென்சாருக்கு நேராக வரும். சென்சார், மெஷினுக்கு மூளை மாதிரி இருக்கும் போர்டுக்குச் செய்தி சொல்லும்: "மூடியாச்சு, ஓட்டலாம்." மூடியைத் தூக்கினால் செய்தி அறுந்துபோகும், உடனே மெஷின் நிற்கும். உன் மெஷினில் மூடி இறங்கியிருக்கும்போதே செய்தி அறுகிறது. தட்டினால் சரியாகிறது என்றால் போர்டு மேல் பழி இல்லை. சென்சாரிலிருந்து போகிற ஒயர் எங்கோ உள்ளுக்குள் ஒடிந்திருக்கும். நீராவியில் வெந்து, அதிர்ந்து அதிர்ந்து, மேல்தோல் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இற்றுப்போயிருக்கும். மீட்டரை வைத்துக்கொண்டு ஒயரை ஆட்டிப் பார்த்தால் ஒடிந்த இடம் தெரிந்துவிடும். ஒயரை மாற்றினால் முடிந்தது. படம் பின்பக்கத்தில்.

சில மகானுபாவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். போர்டை மூடியிருக்கும் பலகையைத் திறந்து, சென்சார் வரும் இரண்டு முனைகளிலும் ஒரு துண்டு ஒயரைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் மூடி திறந்திருந்தாலும் "மூடியாச்சு" என்றே போர்டு நம்பிக்கொண்டிருக்கும். அதனால் என்ன ஆகும் என்று நம் வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அங்கே யாராவது அப்படிச் செய்தால் அந்த மெஷின் பக்கமே போகாதே.

உன் தம்பி


பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். சின்னவளின் விரல்களுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம் என்றால் எண்ணெய் போட்டாவது நீவிவிடு.

நீ எழுதியது வேத வாக்கு. ஆனால் இங்கே பராமரிப்புக்கு ஒரு ஆள் இருக்கிறான். இடுப்பில் முப்பது சாவி தொங்கும். வருவதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிடும். எல்லோரும் சாவிக்கொத்து என்றுதான் சொல்வார்கள். நேற்று மெஷின் நாலைந்து தடவை நின்றது. வந்தான், பலகையைத் திறந்தான், சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து இரண்டு முனைகளில் செருகினான், மூடினான். "இனிமே நிக்காது. ஓட்டுங்க" என்று போய்விட்டான். அப்புறம் மெஷின் நிற்கவே இல்லை.

என்னோடு ஒருத்தி வேலை பார்க்கிறாள். வாய் ஓயாமல் பாடுவாள், பாட்டுக்காரி என்றே பெயர். அவளுக்கும் எனக்கும் நடுவில் இந்த மெஷின். பின்னால் நீலம் அடித்த சுவர். மேலே ஒரு சின்ன ஜன்னல், கண்ணாடிக்குப் பதில் தகரம் அடித்திருக்கிறார்கள். நாள் முழுக்க விளக்கு வெளிச்சம்தான்.

ஒன்று கேட்க வேண்டும். கழுவி முடித்த பிறகு, கொதிநீர் அடிப்பதற்கு முன்னால், மெஷின் சில சமயம் சத்தமே இல்லாமல் சும்மா இருக்கிறது. முடிந்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். அப்புறம் திடீரென்று அடிக்கிறது. அந்த மௌனம் எதனால்? எவ்வளவு நேரம் இருக்கும்?

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

இங்கே நலம்.

உன் கடிதத்தைச் சின்னவளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தகரம் அடித்த ஜன்னல் என்ற இடம் வந்ததும் அவள் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "அது என் ஜன்னல்" என்றாள். அன்றைக்குச் சாப்பிடவும் வரவில்லை.

அக்கா, நீ எங்கே வேலை பார்க்கிறாய்?

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் சுகமா? நான் சுகம்.

எங்கே வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது, பிறகு எதற்குக் கேள்வி? அவள் நின்ற அதே இடத்தில் நிற்கிறேன். அவள் பிடித்த அதே கைப்பிடியைப் பிடிக்கிறேன். நான் அவள் அக்கா என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஒரு சாயல்கூட இல்லை என்று சின்ன வயதில் எல்லோரும் கேலி செய்வார்களே, அது இப்போது உதவுகிறது.

விசாரணையில் இந்தச் சாவிக்கொத்து என்ன சொன்னான், நினைவிருக்கிறதா? "சென்சார் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு அவசரப்பட்டு எதையோ பண்ணிடுச்சு." அதிகாரிகள் வந்து பார்ப்பதற்குள் ஒயரைப் பிடுங்கிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான், எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். வேலையும் போய், முகமும் வெந்து, அவசரக்குடுக்கை என்ற பெயரோடு அவள் வீட்டுக்கு வந்தாள். ஒயர் போட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவள் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. இப்போது அதே முனையில் அதே மாதிரி ஒயர். அவள் வெந்து ஒரு வருஷம் ஆகவில்லை, தம்பி. அவனுக்குத் துளி பயம் இல்லை.

எனக்குக் குடும்பமா, குட்டியா? வந்தது வரட்டும். போன கடிதத்தில் கேட்டதற்குப் பதில் எழுது. அந்த மௌனம் எதனால் வருகிறது? அதை நீட்டிக்க முடியுமா? வேண்டும் என்கிறபோது வரவழைக்க முடியுமா?

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? அல்லது பேனாவுக்கா?

சரி, நீ சொல்லாவிட்டால் என்ன, நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். கொதிநீர்த் தொட்டி சூடாகும்வரை மெஷின் காத்திருக்கிறது, அவ்வளவுதானே? ஓய்வே கொடுக்காமல் ட்ரே மேல் ட்ரே போட்டு ஓட்டினால் தொட்டி ஆறிவிடுகிறது. மௌனம் நீள்கிறது. ஒருவர் கை துடைத்து, இரண்டு வார்த்தை பேசி, மூடியைத் தூக்குகிற அளவுக்கு நீள்கிறது.

போன வாரம் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். சாவிக்கொத்து அவர்களைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினான். "இங்க முன்னாடி ஒருத்தி இருந்தா. வீட்டுக்குப் போற அவசரம். கொதிக்கிற மெஷின்ல கையை விட்டா. அழகி வேற. இப்ப கண்ணாடி பாக்கறாளோ என்னவோ!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தப் பெண்களும் என்ன செய்வார்கள், சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தம்பி. பல்லைக் காட்டிச் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் வாயைக் கழுவினேன்.

இதைச் சின்னவளிடம் படிக்காதே.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதக் கை வரவில்லை. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். மூடியைத் தூக்கினால் நிற்க வேண்டும். முதலாளி கத்தினாலும் சரி, ஐந்நூறு பேர் தட்டுக்குக் காத்திருந்தாலும் சரி, அந்த ஒயரை நான் போட்டதில்லை. இப்போது என் சொந்த அக்கா, அந்த ஒயர் இருக்கிற மெஷினில் ஒருவன் கையை வேக வைக்க என்னிடம் வழி கேட்கிறாள். அவனும் போட்டான், நீயும் அதை அப்படியே விட்டு வைத்து நேரம் பார்க்கிறாய். மெஷினுக்கு வித்தியாசம் தெரியுமா?

எனக்கு அவன் மேல் கோபம் இல்லை என்று நினைக்காதே. அவன் முன்னால் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் கொதிநீர் ஆள் பார்த்து அடிக்காது, அக்கா. அவன் கைக்கு வைக்கிற வலையில் யார் கை வேண்டுமானாலும் விழும்.

வேலையை விட்டுவிட்டு வா. உன் கட்டில் இங்கே அப்படியே இருக்கிறது.

உன் தம்பி


(அதே உறையில், மடித்த ஒரு துண்டுக் காகிதத்தில்)

அக்கா, அண்ணன் உறையை ஒட்டுவதற்குள் இதை உள்ளே வைக்கிறேன். ஏப்ரல் கடிதத்தை அவன் எனக்குப் படிக்கவில்லை, நானே எடுத்துப் படித்தேன். சாவிக்கொத்து வலது கைக்காரன். இடது கை போதாது.


மே 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று இந்தத் தடவை நிஜமாகவே மனசு பதறிக் கேட்கிறேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். போன வாரம் பெரிய கூட்டம். காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓட்டினேன். தொட்டி ஆறியது, மௌனம் நீண்டது. நான் எதிர்பார்த்த மாதிரியே சாவிக்கொத்து அறைக்குள் வந்தான். மெஷின் சும்மா இருக்கிறது. நான் தட்டு அடுக்குகிறவள் போல முதுகைக் காட்டிக்கொண்டு, "மெஷின் நின்னுபோச்சு சார், என்னன்னு பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவன் மெஷின்கிட்டே வந்தான். கை நீளும் என்று காத்திருந்தேன். கை நீளவில்லை. ஒரு எட்டு தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஏய் பாட்டு, மூடியைத் தூக்கு, உள்ள என்னன்னு பாப்போம்" என்றான்.

அவள் பாடிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்தாள்.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியவில்லை. அவள் முடியைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் ஈரத் தரையில் விழுந்தோம். மூடிக்குள்ளே கொதிநீர் அடிக்கிற சத்தம் அப்போதுதான் கேட்டது. "என்னடி பைத்தியமா உனக்கு?" என்று அவள் என்னை அடித்தாள். அடி வாங்கிக்கொண்டேன்.

நீ சொன்னது சரி. யார் கை வேண்டுமானாலும் விழும். ஆனால் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அவன் ஒரு எட்டு தள்ளி நின்றான், தம்பி. அவன் கை அந்த மூடியைத் தொடவே தொடாது. ஒயர் இருப்பது அவனுக்கு ஒரு நொடிகூட மறப்பதில்லை. சின்னவள் வெந்ததற்கு யார் காரணம் என்று அவன் கைக்கே தெரிந்திருக்கிறது.

எனக்கு அவன் தோல் வேண்டாம். அந்தப் பயம் வேண்டும். எல்லோர் முன்னாலும் வேண்டும்.

மெஷினை ஒழுங்காகச் சரி செய்வது எப்படி என்று எழுது. பொய் சொல்லவில்லை. ஒயர் மாற்றுகிற முறையை எழுது.

அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை சத்தமாகப் படித்தேன். சின்னவள் கேட்டுக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இதோடு ஒரு பொட்டலம் வரும். புது சென்சார், வெப்பம் தாங்கும் ஒயர், என் பழைய மீட்டர். முதல் வேலை: சுவரில் இருக்கும் பெரிய ஸ்விட்சை அணை. அணைத்தது அணைந்துதான் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் தொடாதே. இரண்டாவது: அவன் போட்ட துண்டு ஒயரைப் பிடுங்கு. மூன்றாவது: பழைய சென்சாரைக் கழற்றிய துளையிலேயே புதியதை வை. காந்தத்துக்கு நேராக இருக்க வேண்டும், நெல் அளவு விலகினாலும் மறுபடி பழைய கூத்துதான். ஒயரை நீராவி படாத பக்கமாகக் கொண்டுபோய்ப் பழைய முனைகளில் இறுக்கு. அப்புறம் வெறும் ட்ரேயைப் போட்டு ஓட்டி, பாதியில் மூடியைத் தூக்கிப் பார். உடனே நிற்க வேண்டும். முதல் தடவை தூக்கும்போது நீளமான குச்சியால் தூக்கு. உன் கையால் தூக்காதே. என் மேல் சத்தியம்.

உன் திட்டம் எனக்குப் புரிகிறது. அவனுக்குத் தெரியாமல் சரி செய்துவிட்டு, எல்லோர் முன்னாலும் அவனையே மூடியைத் தூக்கச் சொல்லப் போகிறாய். ஒரு ஓட்டை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நீ மெஷினைச் சரி செய்த பிறகு, எல்லோர் முன்னாலும் அவன் துணிந்து மூடியைத் தூக்கிவிட்டால்? மெஷின் நிற்கும். அவன் நல்லவனாகிவிடுவான். "சென்சார் நல்லாத்தான் இருக்கு" என்று அன்றைக்குச் சொன்ன பொய், இன்றைக்கு உன் கையாலேயே உண்மையாகிவிடும். யோசித்துக்கொள்.

யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் மெஷினைச் சரி செய். பாட்டுக்காரிக்காகவாவது.

உன் தம்பி


ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு, அன்புள்ள சின்னவளுக்கு,

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். எவ்வளவு நன்றாக என்றால், நேற்று இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டேன்.

வாராவாரம் மெஷினை அணைத்துவிட்டு அறையைக் கழுவிவிடும் நாள் ஒன்று உண்டு. அன்றைக்குத்தான் வேலையை முடித்தேன். பாட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் வாசலில் நின்று பாடினாள். பாட்டு நின்றால் ஆள் வருகிறது என்று அர்த்தம். ஒரு தடவையும் நிற்கவில்லை. பழைய ஒயர் நீ சொன்ன மாதிரியே இருந்தது, வெளியே பளபளப்பு, உள்ளே பொடி. துடைப்பக் கட்டையால் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். நின்றது. அப்புறம் கையால் தூக்கினேன். நின்றது. சாவிக்கொத்துக்கு ஒன்றும் தெரியாது. மெஷின் ஓடுகிறவரை அவன் பலகையைத் திறந்து பார்க்கிற ஆள் இல்லை.

வெளி ஆள் யாராவது வரவேண்டும் என்று காத்திருந்தேன். போன வாரம் அடுப்புக் கேஸ் குழாய்களைச் சோதிக்க ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடி. மேனேஜரும் சாவிக்கொத்தும் கூடவே வந்தார்கள். கழுவும் அறையை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பத் திரும்பினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஈரக்கையோடு போய் முன்னால் நின்றேன்.

"மேடம், இந்த மெஷின்ல முன்னாடி ஒரு பொண்ணு வெந்துபோச்சு. நாங்க பயந்துக்கிட்டே வேலை பாக்கறோம். மூடியைத் தூக்கினா நிக்குதான்னு ஒரு தடவை காட்டச் சொல்லுங்க."

மேனேஜர் முகம் சுளித்தார். "அதெல்லாம் விசாரிச்சு முடிஞ்ச விஷயம்மா."

சாவிக்கொத்து சிரித்தான். "நல்லா நிக்கும் மேடம். சென்சாரெல்லாம் பக்கா. அந்தப் பொண்ணு அவசரக்குடுக்கை."

"அப்ப காட்டிடுங்களேன். ஒரு நிமிஷ வேலை" என்றார் அந்த அம்மாள்.

அவன் பாட்டுக்காரியைப் பார்த்து, "தூக்கு" என்றான். அவள் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "நான் மாட்டேன்" என்றாள்.

"அவங்க எதுக்கு? பொறுப்பு உங்களதுதானே, நீங்களே தூக்குங்க" என்றார் அதிகாரி.

அவன் முன்னால் வந்தான். தம்பி, நீ சொன்ன ஓட்டை அந்த நேரத்தில் எனக்குக் கிணறாகத் தெரிந்தது. தூக்கிவிடுவானோ? கை கைப்பிடிவரை போனது. வலது கைதான். விரல் இரும்பில் பட்டதும் சுட்ட மாதிரி இழுத்துக்கொண்டான். "ஓடும்போது தூக்கினா சோப்புத் தண்ணி தெறிக்கும் மேடம். அணைச்சிட்டுக் காட்டறேன்."

"அணைச்சிட்டா அப்புறம் என்ன நிக்கறதுக்கு இருக்கு? நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவன் நெற்றி முழுக்க வியர்வை. கையைக் கால்சட்டையில் துடைத்தான், மறுபடி துடைத்தான். அப்படியே பின்வாங்கினான். சாவியெல்லாம் தட்டு அலமாரியில் போய் இடித்துச் சத்தம் போட்டது. மேனேஜர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்காகத்தான் இத்தனை மாதம் அடுத்தவர் எச்சில் தட்டைக் கழுவினேன். ஒரு பருக்கை விடாமல் பார்த்தேன்.

"அப்ப நானே தூக்கறேன்" என்று கைப்பிடியைப் பிடித்தேன்.

அவன் அலறினான். "தொடாத! தொடாதம்மா, நிக்காது! அதுல நான் ஒயர் போட்டிருக்கேன்!"

தூக்கினேன். நின்றது.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "என்ன ஒயர்?" அப்புறம்: "அன்னிக்கும் போட்டிருந்தீங்களா?" அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். தலையை ஆட்டினான், இல்லை என்று அல்ல.

பழைய விசாரணையைத் திறந்துவிட்டார்கள். சின்னவளே, உன்னைத் தேடி ஆள் வருவார்கள். கண்டதைச் சொல். இந்தத் தடவை கேட்பார்கள். அவன் சாவிக்கொத்தைக் கழற்றி மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். சாவி இல்லாமல் அவன் நடந்தால் சத்தமே வருவதில்லை. வாசலில் என் எதிரே வந்து நின்றான்.

"யாரும்மா நீ?"

"அவளோட அக்கா."

"சொல்லியிருக்கலாமே. நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

"பிள்ளைங்களுக்கு முகம் நல்லா இருக்கா?" என்று கேட்டேன். தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டால் நெஞ்சில் நிற்கும். அவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தப்பித்திருப்பான். நான் தூக்கியிருப்பேன், மெஷின் நின்றிருக்கும், நான்தான் வீண்பழி சொன்னவளாகியிருப்பேன். என் கை வெந்துவிடும் என்று நினைத்துக் கத்தினான் பார், அந்த ஒரு வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டான். அதை நினைத்தால் கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

இந்த மாதம் முடிந்ததும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதுகிறேன், இடது கையால். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இங்கே அண்ணனும் நானும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அதிகாரிகள் வந்தார்கள். அந்தக் கண்ணாடிக்கார அம்மாளும் வந்திருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது, "நீங்க அவசரப்படலைம்மா" என்றார். அண்ணன் வாசல்வரை போய்விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டான். சோப்பு கண்ணில் பட்டுவிட்டதாம்.

உன் கடிதத்தை அண்ணன் படித்தான். சாவிக்கொத்து பின்வாங்கிய இடத்தை வேகமாகத் தாண்டிவிட்டான். நான் மறுபடி படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். அதற்கப்புறம் நானே படித்துக்கொள்கிறேன்.

அவர்களிடம் ஒன்று சொன்னேன். அண்ணனிடமும் உன்னிடமும்கூட இதுவரை சொல்லாதது. அன்றைக்கு நான் மூடியைத் தூக்கியபோது சாவிக்கொத்து அந்த அறையில்தான் இருந்தான். அலமாரியில் சாய்ந்து நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். மெஷின் சத்தமில்லாமல் இருந்தது, கழுவி முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். என் கை கைப்பிடிக்குப் போவதைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். அவன் வாய் லேசாகத் திறந்தது. ஏதோ சொல்லப் போகிறான் என்று ஒரு கணம் நின்றேன்கூட. ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஒயர் போட்டது வெளியே வந்துவிடும் என்று யோசித்திருப்பான். நான் தூக்கினேன்.

உன்னிடம் கத்தின அந்த "தொடாத" என்கிற வார்த்தை, அக்கா, அன்றைக்கும் அவன் வாயில் இருந்தது.

பாவமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அடித்துவிட்டுக் கடிதத்தை மறுபடி எழுதிக் கொண்டுவா. அவன் முகத்தை விரிவாக எழுது.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தங்கை